மதிமுகம்

முகத்தை மதியோடு உவமித்தல் தமிழ்ப் புலவர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கு. திருக்குறளில் நலம்புனைந்துரைத்தல் என்னும் 112ஆம் அதிகாரத்தைப் பயின்றார்க்கு இது புதிதன்று. பின்வந்த உலாக்களும் கோவைகளும் அவ்வுவமையைத் தேயும்வரை எடுத்தாண்டன. முகம் வட்டமாயிருத்தல் அழகேயென்பதில் நம் புலவர்க்கு ஐயம் இருந்ததாகத் தோன்றவில்லை. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இவற்றைப் பாடமாகக் கேட்டுவந்த அந்நாட்களிலேயே, எம் மருத்துவர் எழுதிக் கொடுத்ததொரு தாளில், மருந்தினால் விளையக்கூடிய தீங்குகளின் வரிசையில், அதே சொல்லைக் கண்டோம். அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழாக்கினால் 'மதிமுகம்' என்றே வரும். புலவர்க்குப் புகழ்ச்சியாயிருப்பது மருத்துவர்க்குப் பக்கவிளைவு! இச்சொல்லின் இரு பொருள்களுக்கும் இடையே யாம் ஓராண்டு வாழ்ந்து கற்றதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எமது எடை 51 கிலோகிராமிலிருந்து சில வாரங்களில் 57 ஆயிற்று. விடுமுறைக்கு ஊர் சென்றபொழுது, கண்டவரெல்லாம் மகிழ்ந்தனர். "விடுதிச் சோறு ஒத்துக்கொண்டது போலும், பூசினாற்போல் இருக்கிறாய்," என்றார் எம் அத்தை. காலையில் இமைகள் கனத்துத் திறக்க இயலாமையையும், மாலையில் செருப்பின் வார் காலிற் பதிந்து பள்ளமாவதையும் யாம் எவர்க்கும் சொல்லவில்லை. பின்னர்ச் சிறுநீரைச் சோதித்தபொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. சிறுநீரகம் குருதியிலுள்ள புரதத்தை அடக்கிவைக்க மாட்டாது வெளிவிட்டுக் கொண்டிருந்தது. அதனால் நீர் உடலிற் கட்டிநின்றது. ஊரார் புகழ்ந்த பூரிப்பு நோயின் வீக்கமேயன்றி வேறன்று. மருந்து தொடங்கி நான்கு வாரத்தில் அந்நீர் வடிந்து, எடை 50க்கு இறங்கிற்று. அன்று எம் அன்னையார் கண்ணீர் மல்க, "இப்படி இளைத்துப் போனாயே!" என்றார். இளைத்தல் குணத்தின் அறிகுறியென்று அவர்க்கு விளக்குவதற்குள் போதும் போதுமென்றாயிற்று. நம் நாட்டில் தாய்மார்க்கு மக்கள் எப்பொழுதும் இளைத்தவர்களே. அஃது அன்பின் மொழி, அளவையின் மொழியன்று.

இனி, அம்மருந்தின் வரலாறு சிறிது கூறுவோம். அமெரிக்க நாட்டு ரோச்செஸ்டர் நகரத்து மேயோ மருத்துவ நிலையத்தில், 1948ஆம் ஆண்டு பிலிப் ஹெஞ்ச் என்பார், மூட்டு வாதத்தால் நடமாட்டம் அற்றிருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோனைச் செலுத்தினார். அவள் சில நாட்களில் எழுந்து நடந்தாள். ஹெஞ்சும் கெண்டாலும் ரைக்ஸ்டைனும் 1950இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயின் அம்மருந்தை நெடுநாள் உண்டவர்க்கு முகம் உருண்டது, பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்புத் திரண்டது, கைகால்கள் மெலிந்தன. பசியோ அடங்காததாயிற்று. எமக்குத் தந்த பிரெட்னிசோலோனும் அவ்வினத்ததே. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடங்கி, மெல்ல மெல்லக் குறைத்துவருமாறு பணித்தனர்.

தை மாதத்தில் எமது எடை 59. முன்பு 57ஐப் புகழ்ந்த அதே வாய்கள் இப்பொழுது வேறு பேசின. வகுப்பிற் சிலர் 'பூசணி' என்று மறைவிற் கூறியது எம் செவிக்கும் எட்டிற்று. (அவர்கள் இதழைப் படிப்பவர்களே, யாம் பகை பாராட்டவில்லை.) யாம் உணவுக்கூடத்திற்குக் கூட்டம் கலைந்தபின் செல்லலானோம். கண்ணாடியின்மேல் துண்டைத் தொங்கவிட்டோம். முடிவில், இவற்றுக்கெல்லாம் காரணம் அம்மாத்திரையன்றோ என்று எண்ணி, ஒருவர்க்கும் தெரியாமல் அதனை அறவே நிறுத்தினோம். நான்காம் நாட் காலை விடுதிப் படிக்கட்டில் தலை சுழன்று, வாந்தியெடுத்து விழுந்தோம். மருத்துவமனையில் குருதியழுத்தம் மிகத் தாழ்ந்திருந்தது.

அதற்குக் காரணம் யாதெனின், சிறுநீரகங்களின் மேலமர்ந்த இரு சுரப்பிகள் இம்மருந்தை ஒத்ததொரு நீரைத் தாமே நாள்தோறும் சுரக்கின்றன. அது கார்ட்டிசால் எனப்படும். மருந்து வெளியிலிருந்து வாரக்கணக்கில் வந்துகொண்டிருப்பின், அவை தம் தொழிலை விட்டுவிடுகின்றன. சத்திரத்தில் நாளும் உண்பவன் வீட்டில் அடுப்பு அவிந்து கிடப்பது போல என்க. சத்திரத்தைத் திடீரென்று அடைத்தால் அவன் பட்டினி கிடக்க வேண்டுவதே. அடுப்பு மீண்டும் எரிய வாரங்கள் ஆகும், சிலர்க்கு மாதங்களும் ஆகும். ஆதலின் முகத்தின் வட்டத்துக்கு நாணி இம்மருந்தைத் தாமே நிறுத்துவோர் உயிரோடு விளையாடுகின்றனர். இவ்விதழைப் படிப்போருள் இம்மருந்து உண்போர் ஒருவரேனும் இருத்தல் கூடும். அவர்பொருட்டே இப்பகுதியை விரித்தெழுதினோம்.

தராசின் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கைப் பெல்ஜிய நாட்டு கெட்லே 1832இல் மக்கட்டொகையின் சராசரியை ஆராய வகுத்தார்; தனியொருவரின் நலத்தைத் தீர்ப்பதற்கன்று. அதற்கு உடற்பொருண்மைக் குறியீடு என்னும் பெயர் 1972இல் ஆன்சல் கீஸ் முதலியோர் இட்டது. எமது குறியீடு 24.2. மேலைநாட்டு வரம்பாகிய 25க்கு உட்பட்டது. ஆசிய மக்கட்கு உலக நலவாழ்வு நிறுவனத்து வல்லுநர் 2004இல் சுட்டிய 23க்கு மேற்பட்டது. மெலிந்தோரும் களித்திருக்க இடமில்லை. 2004ஆம் ஆண்டு லான்செட் இதழில் புனே நகரத்து யாஜ்னிக்கும் இலண்டன் யுட்கினும் தம் உடல்களையே அளந்து வெளியிட்டனர். இருவர்க்கும் குறியீடு 22.3. ஆயின் யுட்கினுக்குக் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2! தராசு நீரையும் கொழுப்பையும் தசையையும் வேறு பிரித்தறியாது. அத்தையார் கண்ணும் அறிந்திலது.

எனினும் எடை பார்த்தலை யாம் விடவில்லை. அதன் வேலையை மாற்றினோம். நாட்காலையில், ஒன்றும் உண்ணுமுன், எடையைக் குறித்து வைப்போம். இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ ஏறின் அது கொழுப்பன்று, நீர். நோய் மீள்கின்றதென்று மருத்துவரிடம் விரைய வேண்டும். மாதங்களில் மெல்ல ஏறுவது மருந்தும் பசியும் செய்வது. முன்னாளில் எம்மை இகழும் நீதிபதியாயிருந்த தராசு இவ்வாறு காவற்காரனாயிற்று. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் துறந்தோம். உப்பு நீரைப் பிடித்துவைக்கும். கருவாட்டைத் துறந்தது எளிதன்று. பசி எழுங்கால், இது நம் பெருந்தீனியன்று, மருந்தின் குரல் என்று தெளிந்து, சோற்றுக்கு முன் காய்கறியும் சுண்டலும் உண்டோம். எலும்பு மெலியாதிருக்கச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும், தசை குறையாதிருக்க மாலை நடையும் மருத்துவர் விதித்தன. குருதியிற் சர்க்கரையும் அவ்வப்பொழுது பார்க்கப்பட்டது.

இத்தனையிலும் எம்மை மீட்டது எம் அறைத்தோழி. எம்மினும் ஓராண்டு இளையவள். எம் முகத்தைப்பற்றி அவள் நன்றாயிருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. மாலைதோறும் கதவருகில் நின்று, "அக்கா, நடக்கப் போகலாம், வாருங்கள்," என்பாள். முதல் வாரம் மைதானத்தை ஒருமுறை சுற்றியதும் மூச்சு வாங்கிற்று. பங்குனியில் ஐந்து சுற்று. அவ்வைந்து சுற்றையும் நடந்தது இந்த 59 கிலோகிராம் உடம்பே என்று ஒருநாள் தோன்றியபொழுது, கண்ணாடியின் மேலிருந்த துண்டை எடுத்து, அதற்குரிய கொடியிற் போட்டோம்.

இப்பொழுது மருந்து நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். சிறுநீரிற் புரதம் இல்லை. எடை 56. முகம் இன்னும் முழுமதியே. அது தேயச் சில மாதங்கள் ஆகும் என்கின்றனர். தமிழ் மன்றத்தாரை நிழற்படம் எடுத்த அன்று எம் மருந்து 10 மில்லிகிராம். வாராதிருக்கக் காய்ச்சலென்று ஒரு பொய்யும் ஆயத்தமாக வைத்திருந்தோம். அறைத்தோழி சீப்பை எடுத்து நீட்டினாள். இவ்விதழில் வெளியாகும் அப்படத்தில், இரண்டாம் வரிசையில் இடப்புறமிருந்து நான்காவதாக நிற்பவர் யாமே.