பிள்ளைகள் எழுதும் டைரி



இம்மாதப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது, நம் வாலிபப் பிள்ளைகள் போனில் எழுதுகிற டைரி. "நோட்டில் எழுதினால் என்ன, போனில் எழுதினால் என்ன?" என்று கேட்பீர்கள். பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்த நோட்டு பதில் பேசாது. 1998-ல் அமெரிக்காவில் "ஓப்பன் டைரி" என்று ஒரு இணையதளம் வந்தது. ஒருவர் எழுதிய டைரியை முன்பின் தெரியாதவர்கள் வாசித்து, அதன் அடியிலேயே பதிலும் எழுதலாம். அடுத்த வருஷமே "பிளாக்கர்" வந்தது. தமிழில் வலைப்பதிவு எழுதினவர்களை ஒரே இடத்தில் காட்ட 2004-ல் "தமிழ்மணம்" வந்தது. இன்றைக்கு அதுவே இன்ஸ்டாகிராம் ஸ்டோரியாக நம் சங்கரன்கோவில் தெருக்களுக்குள்ளும் வந்துவிட்டது.

டைரி பதில் பேச ஆரம்பித்ததுதான் விஷயம். யோசித்துப் பாருங்கள். வீட்டில் தறிச் சத்தம். பிள்ளை ஏதோ சொல்ல வருகிறது, "அப்புறம் சொல்லு" என்கிறோம். ராத்திரி பதினோரு மணிக்கு "மனசு சரியில்லை" என்று போனில் போட்டால், ஐந்து நிமிஷத்தில் பத்துப் பேர் "என்னாச்சு?" என்கிறார்கள். பிள்ளை எங்கே போகும்?

என் வீட்டிலும் நடந்தது. பத்தாம் வகுப்பு படித்த என் மகள் எழுதியதை ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் வாசித்துவிட்டேன். "இந்த வீட்ல என்கிட்ட மார்க் மட்டும்தான் கேப்பாங்க" என்று இருந்தது. நான் போனைப் பிடுங்கினேன், சத்தம் போட்டேன். அவள் எழுதுவதை நிறுத்தவில்லை, வேறு பெயரில் எழுதினாள். மனங்கசந்து உதடு மட்டும் அசைய ஜெபித்த அன்னாளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினாரே ஏலி (1 சாமு. 1:12-14), அந்த ஏலி நான்தான். ஏலியாவது அவள் சொன்ன பதிலைக் கேட்டார்!

எழுதுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. 2009 ஜனவரியிலிருந்து பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகக்கூடாது என்று தாலிபான்கள் உத்தரவிட்டார்கள். அங்கே நடந்ததை 11 வயது மலாலா பிபிசி உருது இணையதளத்துக்கு டைரியாகக் கொடுத்தாள். வந்த பெயர் "குல் மகாய்", புனைபெயர். பள்ளிக்கூடம் நடத்திவந்த அவள் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவள் யார் என்பது உலகத்துக்குத் தெரிந்த பிறகு, 2012 அக்டோபரில் அவளைச் சுட்டார்கள். பிழைத்தாள். 2014-ல் 17 வயதில், நம் தேசத்துக் கைலாஷ் சத்யார்த்தியோடு நோபல் சமாதானப் பரிசு பெற்றாள்.

நம் பிள்ளைகளோ சொந்தப் பெயர், யூனிபார்ம் போட்டோ, டியூஷன் விடும் நேரம், நிற்கும் பஸ் ஸ்டாப் எல்லாவற்றையும் போடுகிறார்கள். இதைச் சேர்த்துப் பார்க்கிறவனுக்கு விலாசம் வேண்டியதில்லை. அழித்தாலும், அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பான். அதை வைத்து யாராவது மிரட்டினால், தயவுசெய்து பிள்ளையை அடிக்காதீர்கள். அந்த மெசேஜையும் அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. சைபர் குற்றத்துக்கு 1930, பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098.

என் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எழுதினதைச் சில நாள் அவள் அம்மாவிடம் காட்டுகிறாள். என்னிடம் இன்னும் காட்டவில்லை.