நிபுணர் பேசும்போது எதைக் கேட்க வேண்டும்?

நண்பர்களே, பொருளாதார மந்தம் வரப்போகுது, ரிங்கிட் ஏறப்போகுது, இப்பவே பங்கு வாங்குங்க என்று தினமும் யாராவது ஒரு நிபுணர் நம் கைப்பேசியில் பேசுறார். அந்தப் பேச்சை நம்பி பிடிபிடிஎன் பணத்தைப் போடுறவங்களும் நம்மில் உண்டு. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம். நான் படிப்பது பொறியியல், பொருளாதாரம் இல்லை. ஆனா எங்க ஆய்வுக்கூடப் பழக்கம் ஒன்று இங்கே நன்றாகவே உதவுது.

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்குவோம். 1997 நடுவில் ஒரு டாலருக்குச் சுமார் 2.50 ரிங்கிட். 1998 ஜனவரியில் அது 4.88 வரை போனது. என்ன செய்வது என்பதில் நிபுணர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். செலவைக் குறை, வட்டியை ஏற்று, சந்தையைத் திறந்து வை என்பது அனைத்துலக நாணய நிதியத்தின் வழி. நாணயக் கட்டுப்பாட்டையும் யோசிக்கலாம் என்று 1998 ஆகஸ்டில் எழுதினார் பால் குருக்மன் (இவர் 2008-இல் நோபல் பரிசு பெற்றவர்). உள்ளேயும் ஒற்றுமை இல்லை. கட்டுப்பாடு அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முன்னால்தான் பேங்க் நெகாரா கவர்னரும் துணை கவர்னரும் பதவி விலகினார்கள். செப்டம்பர் 2-இல் ரிங்கிட் 3.80-இல் கட்டப்பட்டது. 2005 ஜூலை வரை அப்படியே இருந்தது.

நாடு கெட்டுப்போகும் என்றார்கள் வெளிநாட்டு நிபுணர்கள் பலர். 1998-இல் 7.4 விழுக்காடு சுருங்கிய பொருளாதாரம் 1999-இல் 6.1 விழுக்காடு வளர்ந்தது. அப்போ கட்டுப்பாடு ஜெயிச்சதா? அவசரப்படாதீங்க. நிதியத்தின் வழியில் போன தென் கொரியா அதே ஆண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. ரெண்டு பக்கமும் இன்றுவரை "நாங்க சொன்னதுதான் சரி" என்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு இரும்புத் துண்டு உடைந்தால், அதே மாதிரி இன்னொன்றை வைத்துத் திரும்பச் சோதிக்கலாம். 1998 மலேசியாவைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாதே! நிபுணர் கருத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கு. அவர் முட்டாள் என்று அர்த்தமில்லை.

இன்னொரு பழக்கம்: எந்த அளவையும் பிழை எல்லையோடு எழுதணும். 2020 ஏப்ரலில் பேங்க் நெகாரா அப்படித்தான் சொன்னது, அந்த ஆண்டின் வளர்ச்சி மைனஸ் 2 முதல் 0.5 விழுக்காடு வரை என்று. ஆகஸ்டில் அதை மைனஸ் 3.5 முதல் மைனஸ் 5.5 என மாற்றியது. கடைசியில் சரிவு 5 விழுக்காட்டையும் தாண்டியது. கணிப்பு தவறியதுதான், ஆனா எவ்வளவு தவறியது என்று நம்மால் அளக்க முடியுது. "சந்தை ஏறும்" என்று மட்டும் சொல்றவரை எப்படி அளப்பீங்க? என்றைக்காவது ஒருநாள் ஏறத்தானே செய்யும்.

அமெரிக்க உளவியலாளர் பிலிப் டெட்லாக் 284 நிபுணர்களின் கணிப்புகளை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சேர்த்துச் சரிபார்த்தார். ஊடகங்களில் புகழ்பெற்றவர்களின் கணிப்புதான் மற்றவர்களுடையதைவிட அதிகம் தவறியது. இதுல ஆச்சரியமில்லை, தயங்கிப் பேசுறவரை யார் கேமரா முன்னால் உட்கார வைப்பாங்க?

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. நீங்கள் பார்த்த ஒரு கணிப்பை நோட்டில் எழுதுங்க. என்ன எண், எந்தத் தேதிக்குள், என்ன காரணம், பேசுறவர் எதையாவது விற்கிறாரா, முதலீட்டு ஆலோசனை சொல்ல உரிமம் இருக்கா? பக்கத்திலேயே உங்க அடுத்த செமஸ்டர் கட்டணத் தேதியையும் எழுதிக் கொண்டு வாங்க.