கைக்குழந்தைத் தாய்மாரும் நமது சங்கமும்

கூட்டுறவுச் சங்கம் நூலும் கடனும் வழங்கும் இடம் மட்டுமே என்று கருதும் அங்கத்தினர் இன்றும் உளர். ஓர் அங்கத்தினர் வீட்டில் குழந்தை பிறந்தால் அதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை கூறவே இப்பாடம் எழுதப்படுகிறது. பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைப்பதற்குத் தாயின் அன்பு மட்டும் போதாது. அவளுக்கு நேரமும் வேண்டும். சிங்காரப்பேட்டை முதலிய நம் ஊர்களில் அந்த நேரத்தைத் தீர்மானிப்பவை தறியும் தோட்டமும் ஆகும். அவற்றின் வரவு செலவில் பெரும்பகுதி சங்கத்தின் ஏட்டில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பிறந்த குழந்தை இரவும் பகலுமாக நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பத்து முறைக்கு 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம் ஆகிறது. துணி துவைப்பதும் தூங்க வைப்பதும் இக்கணக்கில் சேரவில்லை. குழித்தறியில் அமர்ந்து நெய்யும் பெண்ணுக்கோ, நாள் முழுதும் தார் சுற்றும் பெண்ணுக்கோ, மாந்தோப்புக்குக் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கோ இந்நேரம் எங்கிருந்து வரும்? கூலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் தூக்கத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் இயலாதபோது புட்டிப்பால் வீட்டுக்குள் வருகிறது.

பட்டுப்புழு வளர்ப்போர் இதனை எளிதில் உணர்வர். நான்காம் தோலுரிப்பு முடிந்தபின், புழு தன் வாழ்நாளில் தின்னும் தழையில் மிகப் பெரும் பகுதியை ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே தின்று தீர்க்கிறது. அவ்வாரத்தில் வேளை தவறாமல் தழை போட வீடு முழுவதும் முறை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறது. ஒருவர் சோர்ந்தால் மற்றொருவர் எழுகிறார். அதே வீட்டில் பிள்ளை பெற்றவளுக்காக எவரேனும் முறை வைத்துக்கொண்டதுண்டா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

பால் சுரக்கும் விதத்தை அறிந்தால் நேரத்தின் அருமை மேலும் விளங்கும். இறைக்கின்ற கிணறு ஊறும் என்பது நம்மவர் அறிந்ததே. குழந்தை சப்பிக் குடிக்கக் குடிக்கத் தாயின் உடலில் பால் ஊறுவதற்கான சுரப்பு நீர் பெருகுகிறது. மார்பில் பால் எடுக்கப்படாமல் தேங்கி நின்றால், இனி வேண்டியதில்லை என்று உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால் அவ்வேளைக்குரிய இறைப்பு நின்றுபோகிறது. சில நாட்களில் ஊற்றும் குறைகிறது. “எனக்குப் பால் போதவில்லை” என்று கூறும் தாய்மாரிற் பலர் இவ்வழியிலேயே அந்நிலைக்கு வந்தவர்கள். கவலையும் அச்சமும்கூடப் பால் இறங்குவதைச் சிறிது நேரம் தடுக்கும். ஆகையால் மாமியாரின் கடுஞ்சொல்லும் கடன்காரரின் வாயிற்கூச்சலும் குழந்தையின் உணவைத் தொடும் விஷயங்களே.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தையின் அழுகையைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஐந்தாம் நாளுக்குப்பின் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் முறையாக ஏறிவந்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கவேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம் போன்றவற்றோடு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தாய்ப்பாலும் தொடரவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

நம் வழக்கங்கள் சில இதற்கு மாறாக உள்ளன. மஞ்சள் நிறமான சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி எறிவது, சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக நாவில் தொடுவது, கழுதைப்பால் புகட்டுவது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, வெயில் காலம் என்று தண்ணீர் தருவது ஆகியவற்றைக் குறிப்பிடுகிறேன். சீம்பால் சிறிதளவே வரும். நோயை எதிர்க்கும் பொருள்கள் அதில் நிறைந்திருப்பதால் குழந்தைக்கு அது முதல் தடுப்பு மருந்து எனலாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு நீரேயாதலால் கோடையிலும் தனியே தண்ணீர் வேண்டுவதில்லை. இவ்வழக்கங்களைக் கடைப்பிடிக்கும் பாட்டிமாரைப் பழிப்பதால் பயனில்லை. அவர்கள் அன்பினால் செய்கிறார்கள். அன்போடே எடுத்துக் கூறினால் கேட்பார்கள்.

தண்ணீரைப் பற்றி நம் பகுதியார் தனியே அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்துள்ளது. பற்கள் கறைபட்டும் எலும்புகள் வளைந்தும் துன்புறுவோரை நாம் கண்டிருக்கிறோம். இதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைக்கப்பட்டு 2013ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. தாய் குடிக்கும் நீரில் புளோரைடு மிகுந்திருந்தாலும் அவள் பாலில் அது மிகச் சிறிதளவே சேர்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தாலோ அந்நீரிலுள்ளது அத்தனையும் குழந்தையின் வயிற்றுக்குள் செல்கிறது. காய்ச்சினால் கிருமிகள் சாகும், புளோரைடு போகாது.

பிரசவத்துக்கு மருத்துவமனை செல்லும் பழக்கம் நம் மாநிலத்தில் ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது. ஆயினும் 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 55. இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 64. மருத்துவத்தில் முன்னேறிய மாநிலம் இதில் பின்தங்கி நிற்பது வெட்கத்துக்குரியது என்றே நான் கருதுகிறேன். மருத்துவமனையில் சில நாள் கிடைக்கும் துணை, வீடு திரும்பியபின் கிடைப்பதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

வறிய நாடுகளில் புட்டிப்பால் விளைத்த தீமை பழைய கதை. தமிழ்த் தொழிலாளர் பலர் வாழ்ந்த மலேயாவில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். “பாலும் கொலையும்” என்பது அதன் தலைப்பு. இனிப்பூட்டிய டப்பாப் பாலை விற்கச் செவிலியர் உடையணிந்த பெண்கள் வீடு வீடாக அனுப்பப்படுவதையும், அதனால் குழந்தைகள் மாள்வதையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். எனினும் உலக சுகாதார மன்றம் இவ்விற்பனைக்கு நெறிமுறை வகுக்க 1981 ஆயிற்று. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் குழந்தைப் பால்மாவை விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இலவச மாதிரி தருவதையும் தடை செய்கின்றன.

வேலை செய்யும் தாய்மாருக்கும் சட்டம் உண்டு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு தரப்பட்டது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளொன்றுக்கு இரு முறை பாலூட்ட இடைவேளையும், 50 பேருக்குக் குறையாத இடங்களில் குழந்தைக் காப்பகமும் விதிக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம்பெற்றுள்ளன. ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்றுள்ள நம் பெண்மக்கள் இதனை அறிந்து கேட்டுப் பெறவேண்டும். ஆனால் வீட்டுத் தறிக்கு முதலாளி யார்? துண்டு நிலத்தில் களையெடுப்பவளுக்கு 26 வார ஊதியம் தருவார் யார்? கைத்தறித் தொழிலாளரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் பெண்கள் என்று 2019–20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பு கூறுகிறது. அவர்களின் வீட்டு வாயிலோடு சட்டம் நின்றுவிடுகிறது. அவ்விடத்திலிருந்து சங்கத்தின் வேலை தொடங்குகிறது.

நெசவுப் பிரிவில், கைக்குழந்தை உள்ள அங்கத்தினருக்கு ஆறு மாதம்வரை பாவின் அளவைக் குறைத்துக் கொடுத்து, துணியை ஒப்படைக்கும் தவணையை நீட்டலாம். தவணை தவறியதாக ஏட்டில் எழுதாதிருப்பது முக்கியம். அடுத்த முறை நூல் கிடைக்காது என்னும் அச்சமே பலரை இருபதாம் நாளில் தறிக்கு இழுக்கிறது. தார் சுற்றும் வேலையை அவ்வீட்டு ஆடவர் ஏற்றால் கௌரவம் குறைந்துவிடாது. விளைச்சல் பிரிவில், பயிர்க்கடன் தவணையை அறுவடையோடு மட்டுமன்றிப் பிரசவத்தோடும் பொருத்திப் பார்க்கலாம். இலாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து, கொள்முதல் நடக்கும் நாட்களில் சங்கக் கட்டடத்திலேயே ஓர் அறையும் ஒரு காவல் மூதாட்டியும் ஏற்படுத்துதல் பெருஞ்செலவன்று. 2015இல் தமிழக அரசு 352 பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. குஜராத்தில் சேவா அமைப்பின் உழைக்கும் பெண்கள் குழந்தைக் காப்பகங்களையே கூட்டுறவாக நடத்துகின்றனர்.

வேலைக்குச் சென்றே ஆகவேண்டிய தாய், கையைச் சோப்பிட்டுக் கழுவி, மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைத்துச் செல்லலாம். நம் ஊர் வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதிருப்பது நலம். குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். அதைப் புட்டியில் ஊற்றாமல் பாலாடையாலோ சங்காலோ புகட்டுக. புட்டியின் ரப்பரில் அழுக்கு ஒளிந்திருக்கும். பாலாடையைக் கொதிநீரில் இடுவது எளிது. நம் பாட்டிமார் பயன்படுத்திய இச்சிறு கிண்ணத்தின் பெயர், பிற நாட்டு மருத்துவ நூல்களிலும் பாலாடை என்றே வழங்குகிறது.

1989இல், நம் பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. அக்குழுக்களில் பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவர் இருவர் மூவர், பிரசவித்து வீடு திரும்பியவளை முதல் பத்து நாட்களில் சென்று காணலாம். அவர்கள் பார்க்கவேண்டியவை சிலவே: குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்கிறதா, காம்பு மட்டுமன்றி அதைச் சுற்றிய கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் இருக்கிறதா, மோவாய் மார்பைத் தொடுகிறதா, தாய் வயிறார உண்கிறாளா. நோயினாலோ வேறு காரணத்தாலோ பால் கொடுக்க இயலாத தாய்மாரும் உண்டு. அவர்களைக் குற்றவாளிபோல் நடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை 2018இல் ரூ.18,000 ஆக உயர்த்தப்பட்டது. அதில் ரூ.14,000 ரொக்கமாகவும் எஞ்சியது இரு சத்துப் பெட்டகங்களாகவும் வரையறுக்கப்பட்டது. வறிய குடும்பத்தாருக்கு முதல் இரு பிரசவங்களுக்கு உரியது இது. கருவுற்ற மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் பெறவேண்டும். அப்பதிவு நாளை அங்கத்தினரின் விருப்பத்தோடு சங்க ஏட்டிலும் குறித்துக்கொண்டால், ஏழாம் மாதத்திலேயே அவருக்குரிய பாவின் அளவையும் கடன் தவணையையும் நிர்வாகக் குழு மாற்றி அமைக்க முடியும்.