கிணற்றுக்கேற்ற மோட்டர் வேகம்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதுவே எங்கள் கிணற்று நீர். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் உவர் வெகுவாக மேலெழும்பும்.

துலா மிதித்த காலத்தில் ஆளின் களைப்பே கிணற்றுக்குக் காவல். மோட்டருக்குக் களைப்பில்லை. இடம்பெயர்ந்து பிறர் காணியில் குத்தகைக்குத் தோட்டம் செய்வோரும், வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியோரும் இதைக் கவனிக்க வேண்டும். பங்குக் கிணற்றில் ஒருவர் உவரை இழுத்தால், முறைக்காரர் அனைவரின் வெங்காயமும் கருகும்.

வேகத்தைக் குறைப்பது எப்படி?

எங்கள் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை ஆடுகிறது. இதுவே மீடிறன், 50 ஹேர்ட்ஸ் என்பர். தண்ணீர் மோட்டரின் வேகம் இதைப் பொறுத்தது. மின்விசிறி றெகுலேற்றரைத் தண்ணீர் மோட்டருக்குப் பூட்டாதீர்கள். மோட்டர் திணறிச் சூடேறி, சுருள் எரிந்துவிடும்.

இலத்திரனியல் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று மூன்று வேலைகளைச் செய்கிறது:

1. ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குகிறது.
2. கப்பாசிட்டர்களில் அதைச் சீராக்குகிறது.
3. திரான்சிஸ்ரர்களால் அதை நறுக்கி, வேண்டிய மீடிறனில் மீண்டும் ஆடலோட்டமாக்குகிறது. மீடிறனுக்கேற்ப வோல்ற்றளவையும் குறைப்பதால் மோட்டர் பழுதாகாது.

50ஐ 40 ஆக்கினால் பம்ப் தரும் நீர் ஏறத்தாழ 80 வீதம், நீரை உயர்த்தும் வலு 64 வீதம், மின்செலவு பாதியளவு. கிணற்றின் ஆழம் மாறாததால், நடைமுறையில் நீர் இன்னும் சற்றுக் குறையும். வேகம் மிகக் குறைந்தால் நீர் மேலே வராது; உடனே நிறுத்த வேண்டும்.

வாங்குமுன்

இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் திறீ பேஸ் மோட்டருக்கே உரியவை. கப்பாசிட்டர் உள்ள சிங்கிள் பேஸ் மோட்டருக்குப் பொருந்தா. சூரியசக்திப் பம்புகளில் கட்டுப்பாட்டுக் கருவி கூடவே வரும். ஆனால் மின்கட்டணம் இல்லையென்று நாள் முழுவதும் இறைத்தால், குறைந்த வேகமும் கிணற்றைக் காக்காது.

பண வசதி இல்லாதவர்கள் நீர் வெளியேறும் குழாயின் வால்வைச் சற்று மூடலாம். உறிஞ்சும் பக்கத்தை மூடவேண்டாம். இடையிடையே நிறுத்திக் கிணறு ஊற விடுங்கள்.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் கிணற்றில் ஒரு மணிநேர இறைப்பில் நீர் எத்தனை அடி இறங்குகிறது? மீண்டும் ஊற எவ்வளவு நேரம் எடுக்கிறது?
2. இறைப்பின் தொடக்க நீருக்கும் கடைசி நீருக்கும் சுவையில் வேறுபாடு உண்டா?
3. முறைக்காரர் எல்லோரும் ஒரே வேகத்துக்கும் நேரத்துக்கும் உடன்படுவீர்களா? ஒரு வீட்டார் மாத்திரம் மெதுவாக இறைத்தால் கிணறு தப்புமா?