குழாய்த் தண்ணீருக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வி: குழாய் இணைப்பு வந்தபின் கிணற்றில் அள்ளுவதை விட்டுவிட்டோம். சில கிழமைகளாகத் தண்ணீர் மஞ்சளாக வருகிறது, மணமும் இருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால் 'பயப்பட ஒன்றுமில்லை' என்கிறார்கள். அயலில் ஆளுக்கொரு கதை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கட்டணம் கட்டாமல் விடலாமா? வழக்குப் போடலாமா?
– வாசகி, உடுப்பிட்டி

பதில்: கட்டணத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இணைப்பைத் துண்டிப்பார்கள். தண்ணீரைப் பற்றிய முறைப்பாடு நிலுவைப் பணத் தகராறாக மாறிவிடும். பணத்தைக் கட்டிக்கொண்டே முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். யாருக்கு என்பது சிட்டையில் இருக்கும்: தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையா, பிரதேச சபையா என்று பாருங்கள். மாறி அனுப்பிய கடிதம் மேசை மேசையாக அலையும்.

'பயப்பட ஒன்றுமில்லை' என்ற வாய்ச்சொல் எந்த மன்றத்திலும் நிற்காது. ஆகவே அதற்கு ஆதாரமான பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடைசி மாதிரி எங்கே, எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது, ஈ.கோலி கிருமி, நைத்திரேற்று, எஞ்சிய குளோரின் எவ்வளவு என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். ஒருவரின் உயிரோடும் ஆள் சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலென்றால் 48 மணித்தியாலம்தான். கைக்குழந்தை குடிக்கும் தண்ணீர் என்று முதல் வரியிலேயே எழுதி அந்தக் காலக்கெடுவைக் கோருங்கள். ஏற்காவிட்டால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், பிறகு உதவும்.

அதோடு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு மாதிரி எடுப்பியுங்கள். சோடாப் போத்தலில் நீங்களே பிடித்துக் கொண்டுபோன தண்ணீரை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு கேள்வியில் தள்ளிவிடுவார். மீற்றருக்குப் பக்கத்தில் ஒன்று, கூரைத் தாங்கியைத் தாண்டி இன்னொன்று என இரண்டு மாதிரி வேண்டும். பழுது தாங்கியில் என்றால் சபை மீது வழக்கில்லை, கழுவும் வேலைதான். அறிக்கையைக் குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614உடன் ஒப்பிடுங்கள்: நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி ஒன்றும் இருக்கக்கூடாது.

கிணற்றுக்குத் திரும்ப நினைத்தால் அதையும் பரிசோதிக்காமல் திரும்பவேண்டாம். நம்முடைய சுண்ணக்கல் நிலத்தில் தோட்டத்து உரமும் மலகூடக் குழியின் கசிவும் இலகுவாக நிலத்தடி நீரைச் சேரும். நைத்திரேற்று கொதிக்க வைத்தால் போகாது. அது மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறையும்.

இனி வழக்கு. அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் தண்ணீருக்கென்று தனி உறுப்புரை இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் வழக்கு இருக்கிறது. அங்குள்ள அனல்மின் நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது தொடர்பில், தென்னிலங்கைச் சூழலியலாளர் ரவீந்திர காரியவசம் 2015இல் பொதுநல மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு அந்த நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மத்திய சுற்றாடல் அதிகாரசபை கடமை தவறி, சமத்துவ உரிமை பற்றிய 12(1)ஆம் உறுப்புரையை மீறியதாகவும் கண்டது. அங்கே வென்றது ஊரின் கோபமல்ல, கிணற்று நீரில் எண்ணெய் இருந்ததைக் காட்டிய ஆய்வு அறிக்கைகள். உங்கள் கையில் இன்று அப்படி ஒன்றுமில்லை. மஞ்சள் நிறம் துருப்பிடித்த குழாயிலிருந்தும் வரலாம்.

அறிக்கை பாதகமாக வந்து, அதன் பிறகும் அவர்கள் அசையாவிட்டால் இரண்டு வழி. பலரைப் பாதிக்கும் பொதுத்தொல்லை என்று, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் பருத்தித்துறை நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். செலவு குறைவு, கட்டளையும் விரைவாகக் கிடைக்கலாம். அயலவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். மற்றது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அதற்கு மீறல் நிகழ்ந்து ஒரு மாதமே அவகாசம். கொழும்புக்குப் போக நாள் எடுக்குமென்றால், அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடுங்கள். அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் தேவைப்படும். முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது.