கை தூக்கினால் ரவிக்கையும் ஏறுதா?

நவராத்திரி, கலை இரவு என்று வந்துவிட்டால் உடை வேலையில் பாதி நம்ம இளைஞர் பிரிவின் தலையில்தான் விழும். அதனால் இந்த மாதப் பாடம் பரதநாட்டிய ரவிக்கை. படிக்கும்போது பக்கத்தில் ஒரு அளவு டேப் வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டிய சாஸ்திரம் அபிநயத்தை நான்காகப் பிரிக்கிறது. உடல் அசைவால் காட்டுவது ஆங்கிகம். சொல்லாலும் பாட்டாலும் காட்டுவது வாசிகம். உடையும் அணிகலனும் ஆஹார்யம். உள்ளத்து உணர்வு சாத்விகம். நாலும் சேர்ந்துதான் ஆட்டம். அப்படியென்றால் ஆஹார்யம் ஆங்கிகத்தைக் கட்டிப்போடக் கூடாது, இல்லையா? ஆனால் நடப்பது என்ன?

நாட்டியாரம்பத்தில் இரண்டு கையும் தோள் உயரத்துக்கு நீளும். முழங்கை தொங்கக் கூடாது. ரவிக்கை சரியில்லை என்றால் கை ஏறும்போது அதன் கீழ் விளிம்பும் சேர்ந்து ஏறும், இடுப்பு தெரியும். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளை கூச்சத்தில் தன்னை அறியாமலே கையை இறக்கிவிடும். "முழங்கை விழுது பார்" என்று டீச்சர் சொல்வாங்க. குறை பிள்ளையிடம் இல்லை, துணியில்.

ஏன் இப்படி ஆகிறது?

"கை இறுக்குதா? ஆர்ம்ஹோலைக் கொஞ்சம் பெரிசா வெட்டு." நிறைய பேர் சொல்லும் யோசனை இது. ஆனால் ஆர்ம்ஹோலைக் கீழே இறக்கினால் பிரச்சினை கூடும்.

கையைத் தோள் உயரத்துக்கு நீட்டுங்கள். இடுப்பிலிருந்து அக்குள் வழியாகக் கைவிளிம்பு வரை டேப்பை வைத்துப் பாருங்கள். அந்த அளவுக்குத் துணி இருந்தால்தான் கை தாராளமாக நீளும். ரவிக்கையில் அந்த வழியில் இருப்பது இரண்டு தையல்கள்: உடம்பின் பக்கத் தையல், கையின் அடித்தையல். ஆர்ம்ஹோலை 1 அங்குலம் இறக்கினால் பக்கத் தையல் 1 அங்குலம் குறையும். அதற்குப் பொருந்துகிற மாதிரி கையை வெட்டும்போது அடித்தையலும் பெரும்பாலும் அதே அளவு குறையும். மொத்தம் 2 அங்குலம் போச்சு! இல்லாத துணிக்குக் கை எங்கே போகும்? இடுப்பிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

கதவுக் கீலை நினைத்துப் பாருங்கள். கதவு கீல் இருக்கிற இடத்தில்தான் திரும்பும். கை திரும்புகிற இடம் தோள்மூட்டு. துணியும் அதற்குப் பக்கத்திலேயே திரும்ப வேண்டும்.

புதிதாகத் தைக்கும்போது

1. ஆர்ம்ஹோல் மேலே இருக்கட்டும். அக்குளுக்குக் கீழே ஒரு விரல் அகலம் போதும். அக்குளை அறுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

2. கையின் மேல் வளைவைத் தாழ்வாக வெட்டுங்கள். வளைவு உயரமாக இருந்தால் கையைத் தொங்கப்போடும்போது அழகாக விழும், தூக்கும்போது இழுக்கும். தாழ்வாக இருந்தால் கையின் அகலமும் அடித்தையலின் நீளமும் கூடும். கையைக் கீழே போடும்போது அக்குளில் கொஞ்சம் மடிப்பு விழத்தான் செய்யும், பரவாயில்லை. மேடையில் கை தொங்குகிற நேரம் குறைவு. நீட்டிய கைக்கு அளவெடுங்கள்.

3. முதுகு அகலத்தைக் கைகளை முன்னால் நீட்டிய நிலையில் அளவெடுங்கள். இல்லையென்றால் கை முன்னே போகும்போது முதுகுக் கொக்கிகள் தெறிக்கும்.

4. லைனிங்கையும் இதே அளவில் வெட்டுங்கள். பட்டை மட்டும் திருத்தி லைனிங்கைப் பழைய மாதிரியே விட்டால் ஒரு பயனும் இல்லை.

பழைய உடையைச் சரிசெய்ய

அக்காமார் ஆடிய உடையைத்தான் அடுத்த தங்கைகள் போட்டு ஆடுவார்கள். அதைத் தூக்கிப்போட வேண்டாம். பாஜு கூரோங் போடும் தோழியின் அக்குள் பகுதியைப் பாருங்கள். அங்கே 'கெகெக்' என்று ஒரு சிறு துணி வைத்துத் தைத்திருப்பார்கள். அந்த யோசனையையே நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

அக்குள் புள்ளியிலிருந்து ஆர்ம்ஹோல் தையலை முன்பக்கம் 3 அங்குலம், பின்பக்கம் 3 அங்குலம் பிரியுங்கள். பக்கத் தையலையும் கையின் அடித்தையலையும் தொடாதீர்கள். அந்த இடைவெளிக்கு ஒரு சாய்சதுரத் துணி வேண்டும். நான்கு பக்கமும் 3 அங்குலம், குறுகிய மூலைவிட்டம் 2 அங்குலம். பித்தாகரஸ் தேற்றம் போட்டால் நீள மூலைவிட்டம் சுமார் 5.7 அங்குலம் வரும். சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் கூட்டி வெட்டுங்கள். நீள முனைகள் இரண்டும் முன்னும் பின்னும் நீங்கள் பிரித்து நிறுத்திய இடங்களுக்கு. குட்டை முனைகளில் ஒன்று பக்கத் தையலுக்கு, மற்றது கையின் அடித்தையலுக்கு. இப்போது அக்குளில் 2 அங்குலம் கூடுதல் துணி கிடைத்துவிட்டது.

துணியைக் கிராஸாக வெட்டினால் இன்னும் நல்லது. நெசவுத் துணி நூல் போகும் திசையில் இழுபடாது, மூலைவாட்டில் இழுபடும். அதே நிறத்தில் பருத்தித் துணி கிடைத்தால் வியர்வையையும் உறிஞ்சும்.

ஆடிப் பாருங்கள்

பட்டில் கத்தரி வைப்பதற்கு முன்னால் மலிவான காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். கையைத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பு நிற்கும் இடத்தில் பாவாடை மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு அரைமண்டியில் நாட்டியாரம்பம், கையைத் தலைக்கு மேல் தூக்குவது, முன்னால் நீட்டுவது, கடைசியாக ஒரு முழு அடவு. கையை இறக்கியதும் விளிம்பு தானாகவே கோட்டுக்குத் திரும்ப வேண்டும். கையால் இழுத்துவிட வேண்டியிருந்தால் மறுபடியும் அளவெடுங்கள். கண்ணாடி முன் நின்று பார்ப்பது மட்டும் போதாது, ஆடித்தான் பார்க்க வேண்டும்.

கலந்து பேச

1. உங்கள் கிளையில் உள்ள உடைகளில் எத்தனை இந்தச் சோதனையில் தேறும்?
2. கூச்சத்தால் கையை இறக்கும் தங்கையிடம் முதலில் என்ன கேட்க வேண்டும்?
3. ஆஹார்யம் ஆங்கிகத்துக்குத் தடையாகும் வேறு இடங்கள் எவை? சலங்கை, தலைச்சாமான், ஒட்டியாணம் ஒவ்வொன்றையும் யோசித்துப் பாருங்கள்.