குழந்தைக்கு வீட்டிலேயே ஜட்டி

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே ஜட்டி தைக்க இயலுமா? எந்தத் துணி ஏற்றது?

பதில்: இயலும். திருப்பூர் ஆலைகளில் பின்னப்படும் பருத்திப் பனியன் துணியே இதற்கு ஏற்றது. வியர்வையை உறிஞ்சுவதோடு, குழந்தை குந்தும்போதும் ஓடும்போதும் உடலோடு நெகிழ்ந்து கொடுக்கும். பின்னல் துணி முதல் சலவையில் சுருங்குவதால், அதை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். சரியாகப் பொருந்தும் பழைய ஜட்டியை நீளவாக்கில் மடித்துத் தாளில் வரைந்து, தையலுக்கென ஒரு செ.மீ. கூட்டி, துணி அதிகம் இழுபடும் திசை இடுப்பைச் சுற்றி வருமாறு வைத்து வெட்டலாம்.

வீட்டில் தைப்போர் பெரும்பாலும் தவறுவது கவட்டுத் துண்டில்தான். இரு கால்களுக்கும் இடையே வரும் இத்துண்டை இரட்டையாக வைத்து, தையல் ஓரங்கள் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே மறையுமாறு தைக்காவிட்டால், அவை மென்மையான தோலை உரசிச் சிவக்கச் செய்யும். நேர்த்தையலின் நூல், துணி இழுபடும்போது அறுந்துவிடுமாதலால், ஊசி இடமும் வலமும் மாறிச் செல்லும் ஜிக்ஜாக் தையலே இங்குப் பொருந்தும். ஜிக்ஜாக் வசதி இல்லாத பழைய தையல் எந்திரத்தில், துணியைச் சற்று இழுத்துப் பிடித்து நேர்த்தையல் போட்டும் ஒருவாறு சமாளிக்கலாம். இடுப்பு எலாஸ்டிக் இடுப்பளவைவிட மூன்று அல்லது நான்கு செ.மீ. குறைவாக இருந்தால் போதும். கழற்றும்போது வயிற்றில் சிவந்த தடம் தெரிந்தால் அதைத் தளர்த்த வேண்டும்.